சும்மா கிடக்கும் பக்கங்கள்

எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் கோவிந்தாபுரம் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளியில் லினக்ஸில்தான் கணினி பழகுகிறார்கள். கேரள அரசுப் பள்ளிகளின் வழக்கம் அது. நினைவகம் குறைந்த பழைய பெட்டிகளை மேய்க்கும் எனக்கு, எந்த நினைவகப் பக்கம் சும்மா கிடக்கிறது என்று இயங்குதளத்தின் கருவான கெர்னல் கண்டுபிடிக்கும் கதை மேல் தனிப் பிரியம்.

1962இல் மான்செஸ்டரின் அட்லஸ் கணினியிலேயே பக்கம் தொடப்பட்டதைக் காட்ட, பக்கத்துக்கு ஒரு 'பயன்' பிட் உண்டு. 1024 கட்டளைகளுக்கு ஒருமுறை அது படிக்கப்படும். ஆனால் எழுபதுகளின் வாக்ஸ் இயந்திரத்தில் அந்த பிட்டே இல்லை. பெர்க்லியில் பாபவோக்லுவும் பில் ஜாயும் ஒரு தந்திரம் செய்தார்கள்: பக்கத்தைச் செல்லாது என்று குறித்துவிடுவது, யாராவது தொட்டால் கெர்னலிடம் மாட்டுவார்கள். எங்கள் எல்லைச் சோதனைச் சாவடியில் கட்டையை இறக்கி வைத்து, எந்த லாரி வருகிறது என்று பார்ப்பது மாதிரிதான். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுவே.

லினக்ஸில் சும்மா கிடக்கும் பக்கங்களைக் காட்டும் விளாடிமிர் டேவிடோவின் நிரல் 2015 நவம்பரில் 4.3 பதிப்போடு வந்தது. பக்கத்துக்கு ஒரு பிட்; 4 ஜிபி பெட்டிக்கு மொத்தம் 128 கேபி. அந்த பிட்டை ஏற்றிவைத்து, கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், இறங்காமல் நிற்பவை தொடப்படாத பக்கங்கள். சிக்கல் ஒன்றிருந்தது: இப்படிக் குறிக்கும்போது பக்கம் தொடப்பட்டதைச் செயலி குறிக்கும் அணுகல் பிட்டும் அழிகிறது, கெர்னலில் நினைவகத்தை மீட்கும் பகுதி அதை நம்பி, வேலையில் இருக்கும் பக்கத்தையே வெளியேற்றிவிடலாம். அதைத் தடுக்கவே, அழிந்த அணுகல் பிட்டை நினைவில் வைக்க 'இளமை' என்று இன்னொரு கொடியை டேவிடோவ் சேர்த்தார்.

பெரிய சர்வர்களில் ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்ப்பது செலவு. 2021இல் லினக்ஸ் 5.15 பதிப்பில் வந்த டாமன் என்ற கண்காணிப்புப் பகுதி, நினைவகத்தை வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு பக்கத்தை மட்டும் மாதிரியாகப் பார்க்கிறது.