சிபாப் சிகிச்சையும் மூக்கு வறட்சியும்

சிபாப், ஸ்லீப் ஆப்னியா நோய்க்கான முதன்மையான சிகிச்சை. உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வருவது ஸ்லீப் ஆப்னியா. சிபாப் கருவி அறைக்காற்றை உள்ளிழுத்து, குழாய், முகமூடி வழியாகச் சீரான அழுத்தத்தில் மூக்குக்குள் செலுத்துகிறது. அந்த அழுத்தம் தொண்டைச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கிறது. சிகிச்சையைத் தொடங்குவோரில் பலர் முதல் வாரங்களில் மூக்கு வறட்சி, நாவறட்சி, மூக்கடைப்பு, முகமூடியின் உறுத்தல் ஆகியவற்றால் அவதிப்படுகின்றனர். இது தனக்கு ஒத்துவராது என்று முடிவுசெய்து கருவியை ஓரமாக வைத்துவிடுவோரும் உண்டு. ஆனால் வறட்சி, நோயாளியின் உடல் சிகிச்சையை ஏற்கவில்லை என்பதன் அறிகுறி அல்ல. காற்றை அழுத்திச் செலுத்தும் முறையோடு சேர்ந்தே வந்த சிக்கல் அது. அதற்கான காரணமும் தீர்வும் கண்டறியப்பட்டுள்ளன.

குறட்டை பற்றிய பழைய பார்வை

திருவரங்கம் ரங்கநாதர் கோயிலில் தாயார் சன்னிதிக்கு எதிரே கம்பர் மண்டபம் உள்ளது. கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றிய இடம் இது என்பது மரபு. அக்காவியத்தின் யுத்த காண்டத்தில் உறங்கும் கும்பகருணனை எழுப்பும் பகுதி புகழ்பெற்றது. தமிழ் வீடுகளில் குறட்டை விட்டு உறங்குபவருக்குக் கும்பகருணன் என்ற பட்டப்பெயர் அங்கிருந்து வந்தது. குறட்டை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகவும் கேலிக்குரியதாகவும் பார்க்கப்பட்டது.

மேலைநாட்டிலும் இதே நிலைதான். சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37இல் எழுதிய பிக்விக் பேப்பர்ஸ் நாவலில் ஜோ என்ற பருமனான சிறுவன் நின்ற இடத்திலேயே தூங்கிவிழுவான். வாசகர்கள் அதை நகைச்சுவையாகவே படித்தனர். 1956இல் அமெரிக்க மருத்துவர்கள் உடல் பருமனும் மூச்சுக் குறைபாடும் பகல் தூக்கமும் சேர்ந்த நோய்நிலைக்கு அந்த நாவலை ஒட்டி பிக்விக்கியன் சிண்ட்ரோம் என்று பெயரிட்டனர். 1965இல் பிரான்சில் காஸ்தோ குழுவினரும் ஜெர்மனியில் யுங், கூலோ ஆகியோரும் தனித்தனியே நோயாளிகளின் உறக்கத்தைப் பதிவுசெய்து, உறக்கத்தில் மூச்சு மீண்டும் மீண்டும் நின்றுபோவதைக் கண்டறிந்தனர்.

அப்போது இந்நோய்க்கு உறுதியான சிகிச்சை ஒன்றே இருந்தது. கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயைத் திறக்கும் டிரக்கியாஸ்டமி அறுவைச் சிகிச்சை அது.

1980: சிட்னியில் முதல் இரவு

ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவன் மாற்றுவழி தேடினார். 1980 ஜூனில், டிரக்கியாஸ்டமிக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த நோயாளி ஒருவர் சல்லிவனின் முறையை ஓர் இரவு சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டார். மூக்குவழியே காற்றழுத்தம் கொடுத்ததும் அடைப்பு நீங்கி, அவர் தடையின்றி உறங்கினார். ஐந்து நோயாளிகளிடம் கண்ட முடிவுகளை 1981இல் லான்செட் இதழில் சல்லிவன் குழுவினர் வெளியிட்டனர். தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீரழுத்தம் மட்டுமே.

தொடக்ககாலக் கருவிகள் வசதியானவை அல்ல. வாக்குவம் கிளீனரில் உள்ளதைப் போன்ற மோட்டார் இரைச்சலுடன் காற்றைத் தள்ளியது. நோயாளியின் முகத்தை அச்செடுத்து முகமூடி செய்யப்பட்டது. காற்று கசியாமலிருக்க ஒவ்வோர் இரவும் அதைச் சிலிகான் பசையால் முகத்தில் ஒட்டவேண்டியிருந்தது. கழுத்தில் துளையிடுவதைவிட இது மேல் என்பதால் நோயாளிகள் பொறுத்துக்கொண்டனர். 1985 முதல் கருவிகள் விற்பனைக்கு வந்தன. நோய் அவ்வளவு முற்றாதவர்களுக்கும் சிகிச்சை சென்றபோது மூக்கு வறட்சி பரவலான புகாராக ஆனது.

1993இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 35 நோயாளிகளின் கருவிகளில் பயன்பாட்டைப் பதிவுசெய்யும் மின்னணுப் பகுதியைப் பொருத்தினர். பெரும்பாலோர் தினமும் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். பத்து நாட்களில் ஏழு நாட்களாவது, நாளுக்கு நான்கு மணிநேரமாவது பயன்படுத்தியவர்கள் பாதிக்கும் குறைவு என்று பதிவு காட்டியது. கருவி வேலை செய்கிறதா என்ற கேள்வியுடன், நோயாளி அதை அணிகிறாரா என்ற கேள்வியும் முதன்மை பெற்றது.

வறட்சியின் காரணம்

மூக்கு, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குகிறது. மூச்சை வெளிவிடும்போது அந்த ஈரத்தில் ஒரு பங்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. சிபாப் அணிந்தவர் உறக்கத்தில் வாயைத் திறந்தால் இந்தச் சுழற்சி அறுபடுகிறது. மூக்கு வழியே நுழைந்த காற்று வாய் வழியே வெளியேறுகிறது. மூக்கு ஈரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, திரும்பப் பெறுவதில்லை. காய்ந்த மூக்கின் உட்சவ்வு வீங்கி அடைத்துக்கொள்கிறது. மூக்கு அடைத்ததும் வாய் மேலும் திறக்கிறது.

1996இல் சல்லிவனும் சக ஆய்வாளர்களும் இந்தச் சங்கிலியை ஆராய்ந்தனர். வாய்வழிக் கசிவு மூக்கின் அடைப்பைக் கூட்டுவதையும், காற்றைச் சூடாக்கி ஈரமாக்கினால் அது பெருமளவு குறைவதையும் நிறுவினர்.

ஈரப்பதமூட்டி

ஹியூமிடிஃபையர் எனப்படும் ஈரப்பதமூட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்தது. செயற்கை சுவாசத்தில் இருப்பவருக்குக் காற்று மூக்கைத் தாண்டி நேரே மூச்சுக்குழாய்க்குள் செல்வதால் அதைச் செயற்கையாக ஈரமாக்கவேண்டும். 1960களின் இறுதியில் நியூசிலாந்தின் ஆக்லாந்து மருத்துவமனை மருத்துவர் மாத்யூ ஸ்பென்ஸின் தேவைக்காக ஒரு மாதிரிக் கருவி உருவானது. பழங்களைப் பதப்படுத்தும் கண்ணாடி ஜாடியே அதன் நீர்க்கலம். குளிர்பதனப் பெட்டி முதலிய வீட்டுச் சாதனங்களைத் தயாரித்த ஃபிஷர் அண்ட் பேக்கல் நிறுவனம் அதை மேம்படுத்தியது. பின்னர் இதே முறை சிபாப் கருவியுடன் இணைந்தது. தமிழ் வீடுகளில் சளிக்கு ஆவி பிடிப்பதும் மூக்குக்கு வெம்மையும் ஈரமும் தருவதே.

ஈரப்பதமூட்டி வறட்சியையும் மூக்கடைப்பையும் குறைப்பதை ஆய்வுகள் காட்டின. அதனால் மட்டும் கருவியை அணியும் நேரம் கூடுமா என்பதில் முடிவுகள் வேறுபட்டன. முகமூடியின் பொருத்தம், வாய்க்கசிவு, தொடக்கநாட்களில் கிடைக்கும் வழிகாட்டல் ஆகியவையும் அதை முடிவுசெய்கின்றன.

இந்தியாவில்

2004இல் வெளியான மும்பை ஆய்வில், 35 முதல் 65 வயதுவரையான ஆண்களில் 19.5 சதவீதத்தினருக்கு உறக்க மூச்சுக் கோளாறு காணப்பட்டது. அதனுடன் பகல் தூக்கமும் சேர்ந்தவர்கள் 7.5 சதவீதம். இந்நோய் பருமனான முதியவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பது உறுதியானது. சிகிச்சை பெறாதவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு அதிகம். வாகனம் ஓட்டும்போது கண்ணயரும் ஆபத்தும் உண்டு.

திருச்சி, திருவரங்கம் சூழலில்

குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள் இங்கு அப்படியே பொருந்துவதில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாக உள்ள திருவரங்கமும் தென்கரையில் உள்ள திருச்சியும் ஆண்டின் பெரும்பகுதி வெப்பமானவை. கோடையில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு.

- மின்விசிறி மட்டும் உள்ள அறையில் காற்று ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருக்கும். ஈரப்பதமூட்டியை உயர்ந்த அளவில் வைத்தால் புழுக்கமாகத் தோன்றும். குறைந்த அளவில் தொடங்கலாம்.
- ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடுவதால் வறட்சி கூடும். ஈரப்பதத்தை உயர்த்தினால் குளிர்ந்த குழாயில் நீர் திரண்டு முகத்தில் சொட்டலாம். குழாயைப் போர்வைக்குள் வைப்பதும், கருவியைத் தலைமட்டத்துக்குக் கீழே வைப்பதும், சூடேறும் குழாயைப் பயன்படுத்துவதும் இதைத் தவிர்க்கும்.
- ஆழ்துளைக் கிணற்று நீரும் குழாய் நீரும் கலத்தில் உப்புப் படியச் செய்யும். கொதிக்கவைத்தாலும் உப்பு நீங்காது. காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. பேட்டரிக்கென விற்கும் நீர் கூடாது. நீரைத் தினமும் மாற்றி, கலத்தைக் கழுவி உலர்த்தவேண்டும்.
- மின்வெட்டின்போது பேட்டரியில் இயக்கினால் ஈரப்பதமூட்டியை நிறுத்திவைக்கலாம். மின்சாரத்தை அதிகம் இழுப்பது அதன் சூடேற்றியே.
- முகத்தில் எண்ணெய் இருந்தால் முகமூடி வழுக்கிக் காற்று கசியும். படுக்கும்முன் முகம் கழுவவேண்டும். காய்ந்த மூக்கில் வாசலின் தடவக்கூடாது. மருத்துவர் சொல்லும் உப்புநீர்ச் சொட்டுமருந்தைப் பயன்படுத்தலாம்.

தொடக்க வாரங்கள்

பயன்பாட்டுப் பழக்கம் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே உருவாகிவிடுவதை 1990களின் ஆய்வுகள் காட்டின. எனவே பகலில் விழித்திருக்கும்போது முகமூடியைச் சிறிதுநேரம் அணிந்து பழகுவதும், அழுத்தத்தை மெல்ல உயர்த்தும் ரேம்ப் வசதியைப் பயன்படுத்துவதும் பயன் தரும். காலையில் வாய் காய்ந்திருந்தால் வாய்க்கசிவு இருக்கலாம். மூக்கடைப்புக்குச் சிகிச்சை, தாடைப்பட்டை, வாயையும் மூடும் முகமூடி ஆகியவற்றில் பொருந்துவதை மருத்துவரிடம் கேட்கவேண்டும். அழுத்த அளவைத் தானாக மாற்றக்கூடாது. மூக்கில் ரத்தம் வந்தாலோ, வறட்சி இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, கருவியை நிறுத்திவிடாமல் மருத்துவரை அணுகவேண்டும்.