பால்யத் தோழியைத் தேடும் உளவியல் திகில் கதை

காணாமற்போன பால்ய நண்பரைத் தேடும் உளவியல் திகில் கதை, துப்பறியும் கதையிலிருந்து கிளைத்த வகை. துப்பறிபவர் பிறரைச் சந்தேகிப்பார். இங்கே தேடுபவர் தன் நினைவையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. தென்கொரிய இயக்குநர் லீ சாங்-டாங்கின் ‘பர்னிங்’ (2018) இதற்குத் தெளிவான சான்று. அது ஹாருகி முரகாமியின் சிறுகதை ஒன்றைத் தழுவியது. சிறுகதையில் மறைந்துபோகும் பெண், கதைசொல்லிக்கு ஒரு திருமண விருந்தில் அறிமுகமானவள். லீ அவளை நாயகன் ஜோங்சுவோடு ஒரே ஊரில் வளர்ந்த ஹேமியாக மாற்றினார். படத்தின் அச்சம் முழுவதும் இந்த மாற்றத்தில்தான் பிறக்கிறது என்பேன். சிறுவயதில் கிணற்றில் விழுந்த தன்னை ஜோங்சுதான் கண்டுபிடித்தான் என்று ஹேமி சொல்கிறாள். அவனுக்கு அப்படி எதுவும் நினைவில்லை. அவள் மறைந்த பிறகு விசாரிக்கிறான். அங்கே கிணறே இல்லை என்கிறது அவள் குடும்பம். இருந்தது என்கிறார், அவன் சிறுவனாக இருந்தபோதே வீட்டைவிட்டுப் போன அவனுடைய அம்மா. கிணற்றையே உறுதிசெய்ய முடியாதவன் அவளைப் பற்றி எதை உறுதிசெய்வான்?

பால்ய நட்பின் இந்த உறுதியின்மையைச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இன்னும் விளங்கும். இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு (இன்றைய பாரதிய சாட்சிய அதினியத்தில் 111), ஒருவர் உயிரோடிருந்தால் இயல்பாகவே செய்தி அறிந்திருக்கக்கூடியவர்களுக்கு 7 ஆண்டுகள் எந்தத் தகவலும் வராதபோது, அவர் உயிரோடிருக்கிறார் என்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது. குடும்பத்துக்கு இது பொருந்தும். பால்ய நண்பர்களுக்கிடையே பல ஆண்டு மௌனம் சகஜம். அதைக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. ஹேமியோ கடனில் சிக்கி, வீட்டாரோடும் உறவு அறுந்தவள். அவள் இல்லாததை வினோதமாக எண்ணுபவன் ஜோங்சு ஒருவனே.

உறவினரைத் தேடும் படங்களிலும் இதே பதற்றம் உண்டே என்று கேட்கலாம். மிஷ்கினின் ‘யுத்தம் செய்’ (2011) அப்படிப்பட்ட வலிமையான தமிழ்ப் படம். அதில் சேரன் ஏற்ற சிபிசிஐடி அதிகாரியின் தங்கை காணாமற்போகிறாள். வெட்டப்பட்ட கைகள் பெட்டிகளில் கிடைக்கும் வழக்கும் அவரிடம் வருகிறது. அவருடைய வேதனை ஆழமானது. ஆனாலும் தங்கை யார் என்பதில் அவருக்கு ஐயமில்லை. கையில் அதிகாரமும் இருக்கிறது. ஜோங்சுவுக்கு இரண்டும் இல்லை.

ஹேமிக்கு என்ன ஆயிற்று என்று ‘பர்னிங்’ கடைசிவரை சொல்வதில்லை. விடை தராத படம் பார்வையாளரை ஏமாற்றுகிறது என்பது வலுவான மறுப்பு. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்து, மரணமென்று உறுதிப்படாத இழப்பில் துக்கம் முடிவடையாமல் நின்றுவிடுவதை விளக்கினார். இதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை: 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கச்சால் உள்ளிட்ட நிக்கோபார் தீவுகளில் பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. அத்தகைய இழப்புக்குத் திரையில் செயற்கையாக ஒரு முடிவை ஒட்டவைப்பதுதான் ஏமாற்று. அதே சமயம், விடையின்மை தேடுபவரை நல்லவராக்கிவிடும் என்றும் லீ சொல்லவில்லை. ஹேமியின் பணக்கார நண்பன் பென்னை ஜோங்சு கத்தியால் குத்தும்போது அவனிடம் இருக்கும் தடயங்கள் பென் வீட்டில் கண்ட ஒரு கைக்கடிகாரமும், ஹேமியின் பூனைப் பெயருக்குத் திரும்பிப் பார்த்த ஒரு பூனையும் மட்டுமே.