பொறுக்கிச் சேர்த்த வானொலி



'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. கருவி இல்லாதவிடத்துக் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு கருமம் முடிப்போரைக் காணும்போது நாம் இதனை எடுத்துக் கூறுகின்றோம். ஆயினும் அவ்வாறு கூறுவோருட் பலர் புல்லை வியந்துவிட்டு வல்லவனை மறந்துவிடுகின்றனர். எல்லார் கையிலும் புல் ஆயுதமாவதில்லை. எந்தப் புல், எந்த வேலைக்கு, எவ்வளவு உதவும் என அறிந்தவன் கையிலேதான் அது ஆயுதமாகின்றது. இவ்வுண்மைக்கு வானொலியின் வரலாறே தக்க சான்றாகும். உறுப்புகளைத் தேடிப் பொறுக்கியும், இல்லாததற்கு ஈடாக மற்றொன்றை அமைத்தும் மனிதர் வானொலி செய்த கதைகள் சிலவற்றை இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலில் நமது நாட்டிலிருந்தே தொடங்குவோம். 1921ஆம் ஆண்டில் எட்வேட் ஹார்ப்பர் என்னும் ஆங்கிலேயர் இலங்கைத் தந்தி அலுவலகத்துக்குத் தலைமைப் பொறியியலாளராக வந்து சேர்ந்தார். ஈராண்டுகளின் பின், 1923இல், ஒலிபரப்புப் பரிசோதனைகளை அவர் ஆரம்பித்தார். அதற்கு வேண்டிய ஒலிபரப்பி எங்கிருந்து வந்தது? முதலாம் உலகப் போரிலே கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிச் சாதனங்களிலிருந்து உறுப்புகளை எடுத்து, தந்திப் பொறியியலாளர்கள் சிறியதோர் ஒலிபரப்பியைத் தாமே அமைத்தனர். கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து கிராமபோன் இசை வானிலே பரவிற்று. 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஒழுங்கான ஒலிபரப்புச் சேவை தொடங்கியது. கடலின் அடியிலே போருக்கெனப் பயன்பட்ட சாதனம், கரையேறி இசைபரப்பும் சாதனமாயிற்று. இன்று நீங்கள் கேட்கும் இச்சேவையின் மூதாதை அதுவே.

ஒலிபரப்பியவர் நிலை இதுவாயின், கேட்டவர் நிலை யாது? அக்காலத்தில் உலகின் பல பாகங்களிலும் ஆர்வலர் பலர் தம் வீட்டு மேசையிலேயே பளிங்கு வானொலியை அமைத்துக்கொண்டனர். அதன் உறுப்புகள் மிகச் சில. அலையை ஏற்பதற்கு உயரத்திலே கட்டிய நீண்ட கம்பி ஒன்று, நிலத்தோடு இணைத்த கம்பி மற்றொன்று, வேண்டிய நிலையத்தைத் தெரிந்தெடுப்பதற்கு ஒரு கம்பிச்சுருள், அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுப்பதற்கு ஒரு பளிங்குத்துண்டு, கேட்பதற்குச் செவிக்கருவி. பற்றரி வேண்டுவதில்லை. வந்தடையும் அலையின் வலுவே செவிக்கருவியை இயக்கப் போதுமாயிருந்தது. கம்பிச்சுருளைத் தகர உருளையிலே சுற்றலாகாது; அட்டை உருளையிலே சுற்றலாம். உலோகம் அலையின் வலுவை விழுங்கிவிடும், அட்டை விழுங்காது. ஆதலால் உணவுப் பண்டம் அடைத்துவந்த அட்டைப் பெட்டியும் வானொலியின் ஓர் உறுப்பாயிற்று.

பளிங்கு எனக் கூறியது கலீனா என்னும் ஈயக் கனிமத்தையாகும். அக்கனிமத்தை மின்னலைகளை உணரப் பயன்படுத்தும் முறைக்கு 1901ஆம் ஆண்டில் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தவர் வங்காளத்து அறிஞர் ஜகதீச சந்திர போஸ். 1904இல் அமெரிக்காவில் அவ்வுரிமை அவருக்கு வழங்கப்பட்டது. கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியிலே அவர் ஆய்வு நடத்திய நாட்களில், மேனாட்டு ஆய்வுகூடங்களிற் கிடைத்த வசதிகள் அவருக்குக் கிடைக்கவில்லை. உள்ளூர்த் தகர வேலைக்காரர் ஒருவரைத் துணையாகக் கொண்டே தமக்கு வேண்டிய கருவிகளை அவர் செய்வித்துக்கொண்டார். மின்னலைகளின் அதிர்வுத் திசை பற்றிய சோதனைகளுக்கு முறுக்கிய சணற்கற்றையை அவர் பயன்படுத்தினார். புகைவண்டி நேர அட்டவணைப் புத்தகம் ஒன்றின் ஏடுகளுக்கிடையே உலோகத்தாள்களைச் செருகி, அதனையும் அவ்வேலைக்கே அமைத்துக்கொண்டார். பிறர் கண்ணுக்கு அது பயண நேரம் பார்க்கும் புத்தகம். அவர் கண்ணுக்கோ உலோகமும் கடதாசியும் மாறிமாறி அடுக்கிய ஓர் அடுக்கு. அலை அதனூடு எவ்வாறு செல்லும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது இப்பளிங்கும் கிட்டாத இடத்திலே வேறொன்று அதன் இடத்தைப் பெற்றது. 1944ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் அன்சியோக் கடற்கரையிலே பதுங்குகுழிகளில் இருந்த நேச நாட்டுப் படைவீரர்கள், சவர அலகொன்றை எடுத்து அதன்மேல் பென்சிற் கரித்துண்டை மெல்லத் தொடும்படி பொருத்தினர். கரித்துண்டைத் தாங்குவதற்கு ஒரு சட்டையூசி போதுமாயிற்று. நீலம் பாய்ந்த அலகின் மேற்பரப்பிலே படிந்துள்ள மெல்லிய ஒட்சைட்டுப் படை, மின்னோட்டத்தை ஒரு திசையில் எளிதாகவும் எதிர்த்திசையில் அரிதாகவும் செல்லவிடும். பளிங்கு செய்ததும் அதுவேயன்றோ? ஆனால் செவிக்கருவிக்கு ஈடாக அவர்களால் எதனையும் அமைக்க முடியவில்லை. காந்தமும் மயிரினும் மெல்லிய கம்பிச்சுற்றும் கொண்ட அவ்வுறுப்பை எங்காவது தேடிப் பெறவே வேண்டியிருந்தது. எதற்கு ஈடு உண்டு, எதற்கு ஈடு இல்லை எனப் பகுத்தறிவதே இத்தொழிலின் முதற்பாடம்.

இப்பகுத்தறிவுக்கு உயிரையே விலையாகக் கொடுத்தவரும் உளர். 1942ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் யப்பானியர் கையிற் சிக்கிய அவுஸ்திரேலியப் போர்க்கைதிகள் சிலர் வட போர்னியோவின் சண்டக்கான் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வெளியுலகச் செய்தி அறியாத அம்முகாமிலே லெப்டினன்ட் வெல்ஸ் என்பவரும் அவர் தோழரும் மறைவாக ஒரு வானொலியை அமைத்தனர். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடையிக்கு அங்கே வழியில்லை. மரப்பட்டையைக் கருக்கி, அக்கரியை நூலிலே ஊட்டி, நூலின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் வேண்டிய தடையை அவர்கள் பெற்றனர். முகாமுக்குள் செய்ய இயலாதவற்றை, வெளியே வாழ்ந்த நண்பர்கள் தம் உயிரைப் பொருட்படுத்தாது கொடுத்துதவினர். 1943இல் இரகசியம் வெளிப்பட்டது. அவ்விரகசிய அமைப்புக்குத் தலைமை தாங்கிய கப்டன் லயனல் மத்தியூஸ் 1944ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கொல்லப்பட்டார். துணைநின்ற உள்ளூர் மக்கள் எண்மரும் அவருடன் கொல்லப்பட்டனர். வெல்ஸ் சிறைத்தண்டனை பெற்று வேறிடம் அனுப்பப்பட்டார். அதனால் உயிர் தப்பினார். பின்னர் 1945இல் அம்முகாமில் எஞ்சியிருந்த ஏறத்தாழ 2,400 கைதிகளுள் உயிருடன் மீண்டவர் அறுவரே. நூலிலே ஊட்டிய ஒரு பிடிக் கரி, அடைபட்ட மனிதருக்கு உலகத்தின் குரலைச் சில மாதங்களேனும் கேட்பித்தது.

இனி, நம்மவர் பலர் நினைவில் இன்னும் பசுமையாயுள்ள ஒரு காலத்துக்கு வருவோம். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரம் நின்றது. பற்றரியும் பெற்றோலும் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. உறவினர் எங்கே, எப்பாதை திறந்துள்ளது, பரீட்சை நடக்குமா எனச் செய்திக்கு ஏங்கிய மக்கள் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தினர். ஒருவர் கையால் மிதிகட்டையைச் சுழற்ற, சில்லோடு உராய்ந்த டைனமோ மின்னைப் பிறப்பித்தது. சுற்றியிருந்தோர் கொழும்பு வானொலியையும், இலண்டன் தமிழோசையையும், மணிலாவிலிருந்து வந்த வெரித்தாசையும் கேட்டனர்.

ஆனால் டைனமோவிலிருந்து இரு கம்பிகளை இழுத்துப் பெட்டியிலே பூட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது. டைனமோ தருவது ஆடலோட்டம். பெட்டி வேண்டுவது நேரோட்டம். பழுதான பழைய பெட்டிகளிலிருந்து இருவாயிகளைக் கழற்றி முறைப்படி இணைத்தால் ஆடலோட்டம் ஒருதிசைப்படும். கொள்ளளவி ஒன்றைச் சேர்த்தால் அதன் ஏற்ற இறக்கம் தணியும். விரைந்து சுழற்றினால் மின்னழுத்தம் மிகுந்து பெட்டி பழுதாகும். மெல்லச் சுழற்றினால் குரல் தேய்ந்து மறையும். மின்சூட்டுக்கோல் பயன்படாத நாளில், செம்புத் தலையுடைய கோலை நெருப்பிலே காய்ச்சி ஈயம் பற்றவைக்கும் பழைய முறை கைகொடுக்கும். மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் வண்டிகளின் நுட்பமும் இத்தகையதே. குளிர்ந்த இயந்திரத்திலே மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் சிறிதளவு பெற்றோல் விட்டு வண்டியை இயக்கி, இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர்.

நேயர்களே, அக்காலத்தின் துன்பத்தைப் போற்றுதல் என் நோக்கமன்று. அத்தகைய இல்லாமை எந்தப் பிள்ளைக்கும் மீண்டும் வரவேண்டா. ஆனால் அந்த அறிவும் இல்லாமையோடு கூடவே போய்விடுதல் தகுமா என்பதே என் வினா. பாடசாலையிலே இருவாயியின் குறியீட்டை வரைந்து முழுப் புள்ளி பெறும் மாணவன், பழுதான பெட்டி ஒன்றைத் திறந்தால் அதிலே இருவாயி எது எனக் காட்ட அறியாது நிற்கின்றான். குறை அவனுடையதன்று. அவன் கையிலுள்ள கருவிகள் திறக்க முடியாதபடி ஒட்டி மூடப்பட்டுள்ளன. பழுதுற்றால் எறிந்துவிட்டு வேறு வாங்குதலே வழக்கமாயிற்று. நாமும் உறுப்பின் பெயரைக் கற்பிக்கின்றோம். அதன் தொழிலைக் கைகளால் உணரச் செய்வதில்லை.

சணற்கற்றையும், சவர அலகும், கரி ஊட்டிய நூலும், துவிச்சக்கரவண்டியும் வானொலிக்கெனப் படைக்கப்பட்டவை அல்ல. 'இவ்வுறுப்பு என்ன செய்கின்றது?' என்று கேட்கத் தெரிந்தோர் கையிலே அவை வானொலிக்கு உதவின. ஆகவே வீட்டின் மூலையிலே பழுதாய்க் கிடக்கும் பெட்டி ஒன்று இருப்பின், மின்னிணைப்பு இல்லாத அதனை எறியுமுன், வால்வு பூட்டிய மிகப் பழைய பெட்டியாயின் அதனை விடுத்து, சிறியதொரு பற்றரிப் பெட்டியாயின் உங்கள் பிள்ளையின் கையிலே ஒரு திருப்புளியோடு கொடுங்கள். அவன் அதனைக் கழற்றட்டும். ஒவ்வோர் உறுப்பையும் காட்டி அதன் தொழிலைக் கேட்கட்டும். விடை தெரியாவிடின் அவனோடிருந்து நீங்களும் தேடுங்கள்.