முந்திச் செல்லும் கலையும் விதி வகுப்போரும்



தன் பெயரையே சட்டத்திலிருந்து பெற்றுக்கொண்ட விளையாட்டு ஒன்று உண்டு. அதுதான் போர்மியூலா வன் எனப்படும் மோட்டார்ப் பந்தயம். போர்மியூலா என்பது இங்கே, வண்டியின் எஞ்சின் எத்தகையதாக இருத்தல் வேண்டும், எடை எவ்வளவாக இருத்தல் வேண்டும் என்பன போன்ற விதிகளின் தொகுதியைக் குறிக்கும். 1950 ஆம் ஆண்டு மே மாதம் 13 ஆம் திகதி, இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் களத்திலே இதன் உலக சம்பியன் பட்டத் தொடர் ஆரம்பமாயிற்று. அன்று தொட்டு இதன் சரித்திரம் ஒருவகையிற் சட்டத்தின் சரித்திரமே. அச்சட்டம் நெடுங்காலமாக விடைதேடி அலையும் வினா ஒன்று உண்டு. பின்னால் வரும் விரைந்த வண்டி, முன்னாற் செல்லும் மெதுவான வண்டியை முந்த இயலாது தவிப்பது ஏன்? அதனை இயலச் செய்வதற்கென வகுத்த விதிகள் எவ்வளவு தூரம் பயன் தந்தன? இவ்விரண்டையும் இன்று ஆராய்வோம்.

முதலிற் காற்றின் இயல்பைக் கவனிப்போம். பெரியதொரு லொறியின் பின்னாற் சைக்கிளிற் செல்பவனுக்கு எதிர்க்காற்றின் தடை குறைந்து, மிதிப்பது இலேசாகிவிடுவதை நம்மிற் பலர் அனுபவத்தில் அறிவர். முன்னே செல்லும் வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போவதனால், அதன் பின்னே நிழல் போன்றதோர் இடம் உண்டாகிறது. அந்நிழலில் ஒதுங்கி, வேகத்தைச் சேர்த்து, தக்க தருணத்தில் விலகி முந்துவதே பழைய ஓட்டுநரின் உபாயம். 1971 ஆம் ஆண்டு இத்தாலியின் மொன்சாக் களத்தில் நிகழ்ந்த பந்தயம் இதற்குச் சிறந்த சான்று. நீண்ட நேர்பாதைகள் மிகுந்த அக்களத்தில் முதலிடம் ஓயாது கைமாறிக்கொண்டிருந்தது. ஈற்றிற் பீற்றர் கெதின் என்பவர், ரொனி பீற்றர்சனை ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வென்றார். முதல் ஐவரும் 0.61 செக்கனுக்குள் எல்லைக் கோட்டைக் கடந்தனர். அடுத்த ஆண்டிலேயே வேகத்தைத் தணிக்கும் பொருட்டு அங்கே செயற்கை வளைவுகள் புகுத்தப்பட்டன.

இவ்வாறு உதவிய காற்றே பின்னர் எதிரியாயிற்று. 1968 ஆம் ஆண்டு பெல்ஜியப் பந்தயத்திலே பெராரி, பிரபாம் ஆகிய நிறுவனங்களின் வண்டிகள் இறக்கைகளுடன் தோன்றின. ஆகாய விமானத்தின் இறக்கை விமானத்தை மேலே தூக்குகிறது. அதனைத் தலைகீழாகப் பொருத்தினால், அது வண்டியைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். அப்பிடிப்பினால் வளைவுகளில் முன்னெப்போதும் இல்லாத வேகத்துடன் திரும்ப முடிந்தது. ஆனால், இறக்கை தொழிற்படுவதற்கு ஒழுங்கான காற்றோட்டம் வேண்டும். முன்னே செல்லும் வண்டி விட்டுச் செல்வதோ குழம்பிய காற்று. ஆதலால், நேர்பாதையில் நிழலாய் நின்று உதவும் அதே காற்று, வளைவிலே பின்தொடர்பவனின் பிடிப்பைப் பறித்துவிடுகிறது. வண்டி வழுக்குகிறது; டயர் சூடேறித் தேய்கிறது; ஓட்டுநர் பின்வாங்குகிறார். வளைவை விட்டு வெளியேறும்போதே இடைவெளி விழுந்துவிட்டதாயின், அடுத்த நேர்பாதையின் நிழல் அவருக்கு எட்டாது. இதுவே நோயின் மூலம்.

இறக்கைகளைப் பற்றிய முதலாவது பெருஞ்சட்டம் முந்துவதற்காக எழுந்ததன்று. உயிரைக் காப்பதற்காக எழுந்தது. 1969 மே மாதம் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில், லோட்டஸ் வண்டிகள் இரண்டின் உயரமான இறக்கைகளும் ஒரே பந்தயத்தில் முறிந்தன. கிரகாம் ஹில், யொக்கன் ரின்ட் ஆகிய இருவரும் பெரும் விபத்துக்கு உள்ளாகியும் உயிர் தப்பினர். இரு வாரங்களின் பின், மொனாக்கோப் பந்தயத்திற்கான பயிற்சிகள் நடந்துகொண்டிருக்கையிலேயே உயர்ந்த இறக்கைகள் தடைசெய்யப்பட்டன. பின்னர் தாழ்ந்த இறக்கைகள் வரையறையுடன் அனுமதிக்கப்பட்டன. ஆபத்து கண்முன்னே தோன்றியபோது சட்டம் எவ்வளவு விரைந்து பிறந்தது என்பதை நேயர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். போட்டியின் சுவை குன்றியதற்கோ அவ்வாறு விரைந்து ஒரு மருந்து கிட்டவில்லை.

1998 இல் வண்டிகளின் அகலம் 200 சென்ரிமீற்றரிலிருந்து 180 சென்ரிமீற்றராகக் குறைக்கப்பட்டது. டயர்களிலும் பள்ளக் கோடுகள் விதிக்கப்பட்டன. இதன் நோக்கம் வளைவுகளில் வேகத்தைக் குறைப்பதே. ஆனால், டயரின் பிடிப்புக் குறைந்தபோது இறக்கையின் பிடிப்பையே வண்டிகள் மேலும் நம்ப நேர்ந்தது. அதற்கு முன்னரே, 1994 தொடக்கம், பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பும் வழக்கம் மீண்டும் வந்திருந்தது. அதன் பயனாக, பாதையிலே முந்த முடியாதவர் தரிப்பிடத்திலே முந்தும் கணக்கு வளர்ந்தது. போட்டி ஓட்டுநரின் கையிலிருந்து கணக்கரின் கைக்கு மாறுகிறதென்று பலரும் குறைப்பட்டனர்.

நோயின் மூலத்தை ஆராய்ந்து எழுந்த முதற் சட்டம் 2009 ஆம் ஆண்டினது. பாடி லோ, ரோரி பேர்ண், பற் சிமண்ட்ஸ் ஆகிய பொறியியலாளர் மூவர் காற்றுச் சுரங்கத்தில் ஆய்வு நடத்தினர். அதன் முடிவாக முன் இறக்கை அகலமாக்கப்பட்டது. பின் இறக்கை ஒடுக்கமாகவும் உயரமாகவும் ஆக்கப்பட்டது. கோடற்ற டயர்கள் மீண்டும் வந்தன. நோக்கம் நன்று. ஆயினும், விதியின் வாசகத்தில் ஓர் இடைவெளி இருந்தது. வண்டியின் அடிப்புறத்திலே பின்பகுதியில் இரண்டடுக்காகக் காற்றை வெளியேற்றும் அமைப்பொன்றைப் புரோன், டொயோட்டா, வில்லியம்ஸ் ஆகிய மூன்று அணிகள் அமைத்தன. ஏனையோர் முறையிட்டனர். ஏப்பிரல் மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைச் சட்டத்துக்கு அமைந்ததென்றே தீர்ப்பளித்தது. இழந்த அழுத்தம் மீண்டது. குழம்பிய காற்றும் உடன் மீண்டது. ஜென்சன் பட்டன் புரோன் அணிக்காக அவ்வாண்டின் பட்டத்தை வென்றார். சட்டத்தை எழுதுபவன் அதன் கருத்தை நினைக்கிறான். வெல்ல விரும்புபவன் அதன் எழுத்தைப் படிக்கிறான் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

இதன் விளைவை 2010 நவம்பர் 14 ஆம் திகதி அபுதாபியில் உலகம் கண்டது. பெர்னாண்டோ அலொன்சோ 246 புள்ளிகளுடன் முன்னணியில் இருந்தார். செபஸ்தியன் வெற்றல் 231 புள்ளிகளே பெற்றிருந்தார். வெற்றல் வென்றாலும், அலொன்சோ நான்காம் இடம் பெற்றாற் பட்டம் அவருடையதே. ஆனால், டயர் மாற்றித் திரும்பிய அலொன்சோ, விற்றாலி பெற்றோவ் என்னும் ஓட்டுநரின் பின்னே சிக்கிக்கொண்டார். பந்தயம் முடியும்வரை அவரை முந்த இயலவில்லை. ஏழாம் இடத்துடன் நின்று, நான்கு புள்ளிகளாற் பட்டத்தை இழந்தார். ஓர் ஆண்டின் உழைப்பு முழுவதும் ஒரு வண்டி கிளப்பிய காற்றிலே கரைந்துபோயிற்று.

அடுத்த ஆண்டு வேறொரு விதி வந்தது. குறித்த இடத்தில் முன்வண்டிக்கு ஒரு செக்கனுக்குள் நெருங்கியவர், குறித்த நேர்பாதையிலே தம் பின் இறக்கையின் தட்டைத் திறந்து காற்றுத் தடையைக் குறைத்துக்கொள்ளலாம். முன்னாற் செல்பவர் அவரைத் தடுக்கும் பொருட்டு அவ்வாறு செய்தல் ஆகாது. முந்துதல்கள் பெருகின. எனினும், சில களங்களில் இது முந்துதலாக இராது, சட்டம் இட்ட பிச்சையாக இருந்தது. எதிர்த்துப் போராட வழியில்லாதவனைக் கடந்து செல்வது வெற்றியாகுமா என்று கேட்டவர் பலர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும், அலொன்சோவைப் போல ஒருவர் மீண்டும் அடைபட்டுக் கிடப்பதைவிட இதுவே மேல் என்று வாதித்தவர் பக்கமும் நியாயம் உண்டு.

2017 இல் வேகத்தை நாடி வண்டிகளை மீண்டும் அகலமாக்கியபோது, நோயும் முற்றியது. அதன்பின், 2022 இல் வந்த சட்டம் மூலத்தையே நாடியது. அழுத்தத்தின் பெரும்பகுதியை இறக்கையிலிருந்து பெறாது, வண்டியின் அடிப்புறத்துச் சுரங்கங்களிலிருந்து பெறும்படி அது விதித்தது. விதி வகுத்தோர் வெளியிட்ட கணக்கின்படி, பழைய வண்டி 10 மீற்றர் இடைவெளியிற் பின்தொடரும்போது தன் அழுத்தத்தில் 46 வீதத்தை இழந்தது; புதிய வண்டி 18 வீதத்தையே இழக்கும். தொடக்கத்தில் நெருங்கிய போராட்டங்கள் பெருகின. ஆனால், அணிகளின் பொறியியலாளர் காற்றை வெளிப்புறம் தள்ளும் வழிகளை மறுபடியும் கண்டறியவே, ஆண்டுகள் செல்லச் செல்லப் பயனும் தேய்ந்தது. 2026 ஆம் ஆண்டுக்கென வகுத்த சட்டம் வண்டியைச் சிறிதாக்கி, இறக்கை திறக்கும் உரிமையை நேர்பாதைகளில் யாவர்க்கும் பொதுவாக்கிற்று. நெருங்கி வருபவருக்கோ மின்சக்தியில் மேலதிக பங்கொன்றை அது வழங்குகிறது.

நேயர்களே, இச்சரித்திரத்தில் இருவகைச் சட்டங்களைக் காண்கிறோம். ஒன்று, பின்வருபவனுக்குச் சலுகை அளிப்பது. மற்றொன்று, அவனைத் தடுத்த அநியாயத்தை நீக்குவது. முன்னையது உடனே பலன் தரும்; ஆனால், வெற்றியின் மதிப்பைக் குறைக்கும். பின்னையது கடினமானது, எழுதி முடித்ததும் அதனை உடைக்கும் வேலை தொடங்கிவிடும், ஆகவே, திரும்பத் திரும்ப எழுதப்படவேண்டும். அவ்வாறு எழுதுவதைத் தோல்வியென்று கொள்ளலாகாது. முந்துதல் அரிதாக இருப்பதில் தவறில்லை. திறமை உள்ளவனுக்கும் அது முடியாததாக இருப்பதே தவறு. தடையை அகற்றிப் பாதையைச் செம்மைப்படுத்துவது சட்டத்தின் கடமை. அப்பாதையிலே முந்திச் செல்வதை ஓட்டுநரின் துணிவுக்கும் திறமைக்கும் விட்டுவிடுதலே முறை.