வெளிவட்டம் மாறக் கூடாது

காருக்கு அலாய் வீல் மாட்டி அகலமான டயர் போடுவது என்றாலே ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளும் ஈசிஆரில் பறக்கும் பிள்ளைகளும்தான் சென்னையில் எல்லோருக்கும் ஞாபகம் வரும். வட சென்னைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டயர் கடை வைத்திருக்கிறேன். என் அப்பா டயர் ஆலையில் ஷிப்டு வேலை பார்த்தவர். எந்த டிஸ்குக்கு, அதாவது சக்கரத்தின் உலோக வளையத்துக்கு, எந்த டயர் என்ற படிப்பை நாங்கள் வெளியூருக்குப் போய்க் கற்கவில்லை. டயர் எங்கள் தெருவுக்குப் பின்னால் தயாரானது. பந்தயம் எங்களுக்கு வடமேற்கே சோழவரத்தில் நடந்தது. அந்தக் கதையை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது.

1946-ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகை போட்டுப் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். செய்த பலூனைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக அவரே போய் விற்றார். 1949-ல் தம்புச் செட்டித் தெரு 334-ஆம் எண்ணில் அலுவலகம் வந்தது. ராயபுரத்திலிருந்து நடந்தே போய்விடலாம். 1952-ல் அவர் கைவைத்தது ட்ரெட் ரப்பரில். புது டயர் வாங்க வழியில்லாத காலம் அது. தேய்ந்த டயரின் உடம்பு நன்றாக இருந்தால் மேலே புது ரப்பர் ஒட்டி வேகவைத்து மறுபடி ஓட்டுவார்கள். அந்த ரப்பர் அதுவரை வெளிநாட்டுக் கம்பெனிகளின் கையில் இருந்தது. 1956-க்குள் நாட்டின் ட்ரெட் ரப்பர் சந்தையில் பாதி திருவொற்றியூர்க்காரர் கைக்கு வந்துவிட்டது. பிறகுதான் டயர். அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1961-ல் அவருடைய மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி, அதாவது எம்ஆர்எஃப், டயர் தொழிலில் இறங்கியது. 1963 ஜூனில் நேரு வந்து ரப்பர் ஆராய்ச்சி மையத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

அன்றைய திருவொற்றியூரில் ஆலைச் சங்கு ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று ஊதும். தீப்பெட்டிக்கு விம்கோ, உப்புக்காகிதத்துக்கு கார்போரண்டம், 1955 முதல் புல்லட்டுக்கு என்ஃபீல்டு. கொஞ்சம் வடக்கே எண்ணூரில் 1949-லேயே அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியே அனுப்பியது. அதுதான் பின்னால் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதாவது வட சென்னையில் கார் உருவான பிறகுதான் டயரே உருவானது. அப்பா ஷிப்டு முடிந்து வந்தால் சட்டையில் வெந்த ரப்பர் வாசம் இருக்கும். சோப்பு போட்டுத் துவைத்தாலும் போகாது. எங்களுக்கு அது அப்பாவின் வாசம்.

அந்தக் காலத்தில் டயர் அளவைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே இல்லை. அம்பாசிடருக்கு 5.90-15. ஃபியட்டுக்கு, பிறகு வந்த பத்மினிக்கு 5.20-14. சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு 5.20-13. புல்லட்டுக்கு 3.25-19. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது டிஸ்கின் விட்டம், இரண்டுமே அங்குலத்தில். டயரின் உயரம் எவ்வளவு என்று யாரும் எழுதவில்லை. நூல் குறுக்கும் மறுக்குமாகப் போகும் அந்தப் பழைய நைலான் டயரில் பக்கச் சுவரின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான். அகலத்தைச் சொன்னால் உயரத்தைச் சொன்ன மாதிரி. கடைக்காரனுக்கு வண்டியின் பெயரைச் சொன்னால் போதும். கிடைக்கிற ஒரே அளவைக் கொடுப்பான், அதுவும் ஸ்டாக் இருந்தால்.

அளவைப் பற்றி யோசிக்கும் கட்டாயம் முதலில் பந்தயக்காரர்களுக்குத்தான் வந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது போட்ட சோழவரம் விமான ஓடுதளம்தான் அவர்களுக்கு மைதானம். ரெட்ஹில்ஸ் தாண்டி ஜிஎன்டி ரோட்டில் போக வேண்டும். பிப்ரவரி வந்தால் கூட்டம் கூட்டமாகப் போவோம். பஸ், லாரி, சைக்கிள், எது கிடைத்தாலும் சரி. கோண்டல் மகாராஜாவின் வெளிநாட்டுப் பந்தயக் கார்களையும், விஜய் மல்லையா ஓட்டிய என்சைன் ஃபார்முலா ஒன் காரையும் இந்த ஊர் ஜனங்கள் வெயிலில் நின்று பார்த்தார்கள். கோயம்புத்தூர் கரிவரதன் இங்கே ஓட்டியவர்தான். மாருதி 800 எஞ்சினை வைத்துப் பிறகு ஃபார்முலா மாருதியைச் செய்தவரும் அவரே.

எனக்கு அந்தப் பெரிய கார்களைவிடச் சாதாரண ஃபியட்டும் ஹெரால்டும் ஓடும் பந்தயம்தான் பிடிக்கும். நாம் தெருவில் பார்க்கிற வண்டியை மெக்கானிக்குகள் பிரித்து மேய்ந்து வேறு வண்டியாக ஆக்கியிருப்பார்கள். ஒருமுறை ஒரு மெக்கானிக் டயரின் அடியில் தரையைத் தொடுகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். அதற்கு நேராகத் தரையிலும் ஒரு கோடு. இரண்டு பேர் காரை மெதுவாகத் தள்ளினார்கள். டயர்க்கோடு ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் இன்னொரு கோடு. பிறகு டேப்பை நீட்டி இரண்டு தரைக்கோட்டுக்கும் நடுவே அளந்தார். டிரைவரை உட்காரவைத்துத்தான் அளந்தார், ஏனென்றால் பாரத்தில் அமுங்கி நிற்கும் டயர் காகிதக் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் உருளும். அந்த நீளம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நீளம் குறைந்தால் வண்டி சட்டென்று இழுக்கும், நேர்ப்பாதையின் முடிவில் எஞ்சின் கதறும். நீளம் கூடினால் நேர்ப்பாதையில் ஓடும், திருப்பத்திலிருந்து கிளம்பும்போது இழுக்காது. கியர்பாக்ஸை மாற்ற வசதி இல்லாதவர்கள் டயரை மாற்றிக் கியரை மாற்றினார்கள். என் கடையில் இன்றும் சாக்பீஸும் டேப்பும் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் கம்ப்யூட்டரை நான் பார்ப்பதில்லை, காரைத் தள்ளச் சொல்வேன்.

1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதுத் தடம் திறந்ததும் பந்தயம் அங்கே போய்விட்டது. சோழவரம் போன துக்கம் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்கு முன்பே டயரின் உடம்பு மாற ஆரம்பித்திருந்தது. ரேடியல் டயரில் நூல் குறுக்கே போகாமல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராகப் போகிறது. மேலே இரும்புப் பட்டை. பக்கச் சுவர் வளைந்து கொடுக்கும், தரையைத் தொடும் பாகம் தட்டையாகவே நிற்கும். அதனால் சுவரைக் குட்டையாக்க முடிந்தது. அகலத்தில் பாதி உயரமே உள்ள பிரெல்லி பி7 டயர் 1970-களின் நடுவில் போர்ஷே 911 டர்போவில் ஏறியதும், வேகக் கார் என்றால் பெரிய டிஸ்க், குட்டைச் சுவர் என்று உலகம் முழுக்க ஆகிவிட்டது. இந்தியாவில் ஜேகே டயர் 1977-ல் ரேடியலைக் கொண்டுவந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அந்தக் காருக்கு முதலில் தேர்வான டயர் எங்கள் ஊர்க் கம்பெனியுடையது என்பதில் அப்பாவுக்கு அத்தனை பெருமை.

ரேடியலோடு டயரில் மூன்றாவது எண் வந்தது. 145/70 ஆர்12 என்றால் அகலம் 145 மில்லிமீட்டர், சுவர் உயரம் அதில் 70 சதவீதம், டிஸ்க் 12 அங்குலம். உயரம் தனியாகப் பிரிந்ததுமே ஒரே காருக்குப் பல அளவு போடலாம் என்றாயிற்று. கூடவே தப்பான அளவைப் போடவும் வழி பிறந்தது.

தொண்ணூறுகளில் 800 வைத்திருந்த பையன்களுக்கெல்லாம் மாருதி ஜென் காரின் 13 அங்குல டிஸ்க் மேல் ஆசை. புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். ஜென் டயர் 145/70 ஆர்13. கணக்குப் போட்டுப் பாருங்கள். 800-இன் டயர் விட்டம் சுமார் 508 மில்லிமீட்டர், ஜென் டயர் 533. ஐந்து சதவீதம் கூடுதல். மீட்டர் அறுபது காட்டும்போது கார் அறுபத்து மூன்றில் போகும். அதைவிட முக்கியம், அந்தச் சின்ன எஞ்சினின் இழுவையில் ஐந்து சதவீதம் போய்விடும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு பேசின் பாலம் ஏறினால் தெரியும். அதே 13 அங்குல டிஸ்கில் 155/65 போட்டாலும் விட்டம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் குறையும். டிஸ்க் அழகாக இருக்கிறது என்பதற்காக வண்டியின் காலை நீட்டினால் வண்டி திணறத்தான் செய்யும். சோழவரத்து மெக்கானிக் அதைத் தெரிந்து செய்தார், இவர்கள் தெரியாமல் செய்தார்கள்.

சரியாக அமைந்த ஒரு வரிசையைச் சொல்கிறேன். அதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனசு நிறைகிறது. 1999-ல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வந்த ஹூண்டாய் ஆக்சென்டில் 175/70 ஆர்13. சுவர் 122.5 மில்லிமீட்டர், மொத்த விட்டம் 575. ஒரு அங்குலம் பெரிய டிஸ்குக்குப் போனால் 185/60 ஆர்14. சுவர் 111, விட்டம் 577.6. இன்னொரு அங்குலம் ஏறினால் 195/50 ஆர்15. சுவர் 97.5, விட்டம் 576. டிஸ்க் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டது, டயர் இருபது மில்லிமீட்டர் அகலமாகிவிட்டது, வெளிவட்டம் மூன்று மில்லிமீட்டர்கூட நகரவில்லை. மீட்டர் பொய் சொல்லாது, கியர் குழம்பாது.

இன்னும் இருக்கிறது. அளவுக்குப் பக்கத்தில் 82 டி, 82 எச், 82 வி என்று போட்டிருக்கும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். மூன்று அளவிலும் அதே 82. எழுத்து வேகத்துக்கு: டி 190 கிலோமீட்டர், எச் 210, வி 240. வாடிக்கையாளர் அகலத்தையும் அங்குலத்தையும் மட்டும்தான் கேட்பார், அந்த 82-ஐ யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் எண். அகலமான டயர் என்று சொல்லி 82 இருந்த இடத்தில் 78 போட்டால் தாங்கும் எடை 425 கிலோவாகக் குறையும். ஊருக்குப் போகும்போது ஐந்து பேரும் டிக்கி நிறைய மூட்டையும் இருந்தால் அந்த ஐம்பது கிலோ யார் தலையில் விழும்?

டிஸ்கின் அகலம் அடுத்தது. 195 டயருக்கு ஆறு அங்குல அகலம் பொருத்தம். ஐந்தில் திணித்தால் சுவர் பிதுங்கி டயர் நெளியும், திருப்பத்தில் ஸ்டியரிங் தாமதமாகப் பேசும். பிறகு நட்டு ஓட்டைகளின் வட்டம். நான்கு ஓட்டை நூறு மில்லிமீட்டர் காரில் 114.3 மில்லிமீட்டர் டிஸ்கை எந்த மந்திரத்தாலும் மாட்ட முடியாது, மாட்டித் தருகிறேன் என்று சொல்பவரிடம் போகாதீர்கள். டிஸ்க் ஹப்பிலிருந்து எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ரொம்ப வெளியே வந்தால் நின்றிருக்கும்போது படத்துக்கு நன்றாக இருக்கும், பள்ளத்தில் இறங்கினால் மட்கார்டு டயரைச் சீவும். பேரிங் சீக்கிரம் போகும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் எங்கள் சாலை இருக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக வரிசை கட்டி நிற்கும். அவை உழுத தார் மழைக்கு முன் ஒரு மாதிரி, மழைக்குப் பின் வேறு மாதிரி. அங்கே 97.5 மில்லிமீட்டர் சுவர் போதாது. பள்ளத்தின் விளிம்புக்கும் அலாய்க்கும் நடுவில் ரப்பர் நசுங்கி உள்நூல் அறுந்து சுவர் கொப்புளிக்கும், டிஸ்க் வளையும். ஈசிஆரில் ஓட்டுகிறவருக்கு 15 அங்குலம் பொருந்தலாம். திருவொற்றியூரில் குடியிருப்பவருக்கு 14-லேயே நிறுத்தச் சொல்வேன். போன மாதம்கூட ஒரு தம்பி, “அண்ணா, பதினாறு போடலாமா?” என்றான். “போடலாம் கண்ணு, ஆனா நீ தினமும் எந்த வழியா வேலைக்குப் போற?” என்றேன். “மணலி” என்றான். பதினாலோடு வீட்டுக்குப் போனான்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த ஊர் டயர் வெளிநாட்டுப் பந்தயத்தில் ஜெயிக்கும் என்று சொல்லியிருந்தால் அப்பாவே நம்பியிருக்க மாட்டார். கவுரவ் கில் அந்த டயரில் ஆசிய பசிபிக் ராலி பட்டத்தை 2013, 2016, 2017 என்று மூன்று முறை வென்றார். 2022-ல் ஐரோப்பிய ராலி சாம்பியனான ஸ்பெயின்காரர் எஃப்ரென் யாரேனா ஓட்டியதும் எம்ஆர்எஃப் டயரில்தான். அந்தச் செய்தி வந்த பேப்பரை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

சட்டம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்துப் பதிவுச் சான்றில் ஏறிய விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொன்னது. அதனால் டிஸ்க் மாற்ற வருபவரிடம் நான் முதலில் கேட்பது, இதே மாடலின் விலை கூடிய ரகத்துக்குக் கம்பெனி என்ன அளவு கொடுத்திருக்கிறது என்பதைத்தான். பெரும்பாலும் ஒரு அங்குலம் பெரிய டிஸ்கும் ஒரு படி குட்டையான சுவரும் அந்தப் பட்டியலிலேயே இருக்கும், வெளிவட்டமும் 82-உம் கலையாமல். இல்லையென்றால் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் காட்டி, அதில் உள்ள அளவையே பில்லில் எழுதுகிறேன்.