ஒரகடம் ரோட்டில் ஒரு தை அமாவாசை

ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து சிங்கப்பெருமாள்கோயில் போற ரோட்டுல போனவங்க கவனிச்சிருப்பீங்க. வல்லம், வல்லக்கோட்டை, ஒரகடம்னு ஊர்கள் வரிசையா வரும். நடுநடுவுல தமிழும் இல்லாம இங்கிலீஷும் இல்லாம, வட்டமும் கோடுமா ஒரு எழுத்துல போர்டு தொங்கும். கொரிய எழுத்து. கெஸ்ட் ஹவுஸ், சாப்பாட்டுக் கடை, மளிகைக் கடை. வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க வர்ற வெளியூர்க்காரங்க அதை ஒரு நிமிஷம் அதிசயமா பார்ப்பாங்க. அப்புறம் ஏழடி உயர முருகன் நெனப்புல கோயிலுக்குள்ள போயிடுவாங்க. உள்ளூர்க்காரங்களுக்கு அது எலெக்ட்ரிக் கம்பம் மாதிரி, கண்ணுலயே படாது.

கொரியான்னு பேச்செடுத்தா நம்ம ஆளுங்க உடனே ஆரம்பிக்கிற கதை ஒண்ணு இருக்கு. கி.பி. 48-ல இங்கேருந்து கப்பலேறிப் போய் கொரிய ராஜாவைக் கட்டிக்கிட்ட இளவரசி கதை. அதைச் சொல்ற நூல் 13-ஆம் நூற்றாண்டுல இர்யோன்ங்கிற பௌத்த பிக்கு தொகுத்த 'சம்குக் யூசா'. கல்யாணம் நடந்ததா சொல்ற காலத்துக்கும் நூல் எழுதின காலத்துக்கும் நடுவுல ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல இடைவெளி. அதுல வர்ற 'ஆயுத்தா' அயோத்திதான்னு வடக்குல சிலை வச்சாச்சு, இல்ல இல்ல அது தமிழ்நாட்டு ஆய் நாடுன்னு நாமளும் மல்லுக்கட்டறோம். எனக்கு இந்தச் சண்டையில பெரிய ஆர்வம் இல்லை. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி போன ஒரு பொண்ணைப் பத்தி இவ்வளவு பேசற நாம, 1990-களின் பின்பாதியில குழந்தை குட்டியோட நம்ம பக்கத்துல வந்து குடியேறி, சமைச்சு, பண்டிகை கொண்டாடி, பொட்டியைக் கட்டிக்கிட்டுத் திரும்பிப் போன குடும்பங்களைப் பத்தி நாலு வரி எழுதி வைக்கலையேங்கிறதுதான் என் ஆதங்கம். வந்த முதல் கூட்டத்துல இருந்த குழந்தைங்களுக்கே இப்ப முப்பது வயசு தாண்டியிருக்கும்.

சரி, முதல்ல இருந்து வருவோம்.

கொரியர்கள் சென்னைக்கு முதன்முதலா கூட்டமா வந்தது கார் செய்ய இல்லை. கொரியப் போர் 1953-ல நின்னப்ப, சொந்த நாட்டுக்குத் திரும்ப மாட்டோம்னு அடம்பிடிச்ச கைதிகள் இருபத்திரெண்டாயிரம் பேருக்கு மேல. அவங்களை என்ன பண்றதுன்னு பார்க்க ஒரு நடுநிலை ஆணையம் போட்டாங்க, தலைவர் நம்ம ஜெனரல் திம்மய்யா. காவலுக்குப் போனதும் இந்தியப் படைதான். கடைசியில வடக்கும் வேணாம் தெற்கும் வேணாம், மூணாவது நாட்டுக்குப் போறோம்னு சொன்னவங்க 88 பேர் மிஞ்சினாங்க. 76 பேர் கொரியர்கள், மிச்சம் 12 பேர் சீனர்கள். இந்தியப் படையோடயே கப்பலேறி 1954 பிப்ரவரியில மெட்ராஸ் துறைமுகத்துல வந்து இறங்கினாங்க. இங்கே தங்கலை, டெல்லிக்குக் கொண்டுபோயிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு பெரும்பாலானவங்க பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் கிளம்பிட்டாங்க, சிலபேர் மட்டும் இந்தியாவுலயே இருந்துட்டாங்க. இந்த மாதிரி ஒரு கைதியை நாயகனா வச்சு சோய் இன்-ஹுன் 1960-ல எழுதின 'சதுக்கம்' நாவல் கொரியாவுல ரொம்பப் பிரசித்தம். அதுல நாயகன் இந்தியா வந்து சேர்றதே இல்லை, நடுக்கடல்ல காணாமப் போயிடறான்.

அதுக்கப்புறம் நாற்பது வருஷம் பெருசா ஒண்ணும் இல்லை. தென்கொரியாவோட முழுத் தூதரக உறவே 1973 டிசம்பர்லதான் வந்துச்சு.

1996 மே மாசம் ஹூண்டாய் இந்தியக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. இருங்காட்டுக்கோட்டையில தொழிற்சாலை எழும்பிச்சு. 1998 செப்டம்பர்ல சான்ட்ரோ வெளியே வந்துச்சு. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆனா நடுவுல 1997 கடைசியில அவங்க ஊர்ல என்ன நடந்ததுன்னு நாம யோசிச்சுப் பார்க்கறதில்லை. தென்கொரியப் பொருளாதாரம் படுத்துருச்சு. டாலருக்கு 900 சொச்சம் இருந்த வான் நாணயம் டிசம்பர்ல 2000 பக்கம் போயிடுச்சு. அரசாங்கம் ஐ.எம்.எஃப். வாசல்ல போய் நின்னுச்சு. 1998 தொடக்கத்துல, நாட்டோட கடனை அடைக்கன்னு ஜனங்க வீட்டுத் தங்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தாங்க. கல்யாண மோதிரம், குழந்தையோட முதல் பிறந்தநாளுக்கு வந்த குட்டி மோதிரம் எல்லாம். சுமார் 35 லட்சம் பேர் கொடுத்ததுல 227 டன் சேர்ந்துச்சாம். (நம்ம ஊர்ல இப்படிக் கேட்டா என்ன நடக்கும்? சரி, விடுங்க.) இங்கே செம்மண்ணுல இரும்புத் தூண் நட்டுக்கிட்டிருந்த கொரிய இன்ஜினியர்களுக்கு ஊர்ல அண்ணன் தம்பி வேலை போற நேரம் அது. இந்த ஃபேக்டரி ஓடலைன்னா என்ன ஆகும்ங்கிற பயம் வேலை பார்க்க வந்த நம்ம பசங்களைவிட அவங்களுக்குத்தான் அதிகமா இருந்திருக்கணும்.

இன்னொரு விஷயம். குடும்பத்தை விட்டுட்டு வெளிநாட்டுல வேலை பார்க்கறது அந்த ஜனங்களுக்குப் புதுசு இல்லை. 1963-ல இருந்து 1977 வரைக்கும் சுமார் எட்டாயிரம் கொரிய ஆண்கள் மேற்கு ஜெர்மனிச் சுரங்கத்துக்கும், பத்தாயிரத்துக்கும் மேல பெண்கள் அங்கே நர்ஸ் வேலைக்கும் போனாங்க. 1976-ல சவூதியில ஜுபைல் துறைமுகம் கட்டற 93 கோடி டாலர் கான்ட்ராக்டை எடுத்தது இதே ஹூண்டாய் குழுமத்தோட கட்டுமானக் கம்பெனி. பாலைவனத்துல கேம்ப்ல தங்கி வேலை பார்த்த கொரியர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பின அதே எழுபதுகள்லதான் நம்ம கீழக்கரை, மாயவரம் ஆளுங்களும் வளைகுடாவுக்கு வரிசை கட்டினாங்க. அப்படிப் போனவங்களோட புள்ளைங்க காலத்துல, அவங்க குடும்பத்தோட கம்பெனி வீட்டுக்கு வர்ற அளவுக்கு உசந்துட்டாங்க. நாம இன்னமும் கேம்புக்கு ஆள் அனுப்பிக்கிட்டிருக்கோம்.

நிற்க. குடும்பத்தோட வந்தாலும் அவங்க ஸ்ரீபெரும்புதூர்லயோ ஒரகடத்துலயோ குடியிருக்கலை. பெரும்பாலும் சென்னைக்குள்ளதான் வீடு. காரணம் ரொம்ப சிம்பிள், பள்ளிக்கூடம். கொரியாவுல புள்ளைங்க இங்கிலீஷ் படிக்கறதுக்காகப் பொண்டாட்டி புள்ளைய அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ அனுப்பிட்டு, தான் மட்டும் ஊர்ல தனியா கிடந்து சம்பாதிச்சு அனுப்பற அப்பாக்களுக்கு 'கிரொகி அப்பா'ன்னு பேரு. கிரொகின்னா காட்டு வாத்து, வலசை போற பறவை. (அப்பான்னா அப்பாதான்.) சென்னை வேலை கிடைச்சா குடும்பத்தைப் பிரியாமலே புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் கிடைச்சுடும். அதனால அப்பா தினம் காலையில டிரைவரோட முப்பது, நாற்பது கிலோமீட்டர் வந்து ராத்திரி திரும்புவார். அம்மாவுக்கு ஊரும் தெரியாது, தமிழும் தெரியாது, இங்கிலீஷும் பாதிதான். கார், பங்களா, வேலைக்காரங்க எல்லாம் இருந்தும் காய்கறிக்காரர்கிட்ட விரலைக் காட்டி கணக்குப் பேசற வாழ்க்கை. குடும்பம் இல்லாம வந்த ஆண்கள்தான் இந்தப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ்ல தங்கினாங்க, போர்டெல்லாம் அவங்களுக்காக வந்தது.

சமையலறை சமாச்சாரம் தனிக்கதை. கிம்ச்சி இல்லாம அவங்களுக்குச் சோறு இறங்காது. அதுக்கு நம்ம உருண்டை முட்டைக்கோஸ் ஒத்துவராது, நீளமா இருக்கற சீன முட்டைக்கோஸ் வேணும். நல்லவேளையா அது நீலகிரியில விளையுது. அவங்க ஊர்ல குளிர் தொடங்கறப்ப, சொந்தக்காரங்க அக்கம்பக்கத்தார் எல்லாம் கூடி உட்கார்ந்து மொத்தமா கிம்ச்சி போடுவாங்க, 'கிம்ஜாங்'னு பேரு. 2013-ல யுனெஸ்கோ பட்டியல்லயே அது ஏறியாச்சு. குளிர்ல வாரக்கணக்கா மெதுவா புளிக்க வேண்டிய சரக்கு சென்னை வெயில்ல ஒண்ணு ரெண்டு நாள்ல பொங்கிடும். மே மாசம் இட்லி மாவு அரைக்கிற எந்தத் தமிழச்சிக்கும் இந்தக் கஷ்டம் புரியும். அதுக்குன்னே கொரியாவுல 1995-ல இருந்து தனி ஃபிரிட்ஜ் பிரபலம், கிம்ச்சிக்கு மட்டும். 2012-ல சென்னையிலயே தினம் ரெண்டு மணி நேரம் கரன்ட் போச்சே, அப்ப அந்த ஃபிரிட்ஜ்களோட கதி என்னாச்சோ :)

இப்ப பண்டிகைக்கு வர்றேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதுக்காகத்தான்.

கொரியர்களுக்கு ரெண்டு பெரிய நாள். ஒண்ணு சூசொக், எட்டாம் சந்திர மாசத்துப் பௌர்ணமி. புது அரிசியில பிறைநிலா மாதிரி கொழுக்கட்டை பிடிச்சு பைன் ஊசியிலை மேல வச்சு அவிப்பாங்க, 'சொங்பியொன்'. உள்ளே எள்ளு, பயறு பூரணம். நம்ம பிள்ளையார் கொழுக்கட்டைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. இன்னொண்ணு சொல்லால், சந்திர வருஷப் பிறப்பு. அன்னிக்கு அரிசி மாவு வில்லை போட்ட சூப் குடிச்சாத்தான் ஒரு வயசு ஏறும்னு கணக்கு. (2023 ஜூன்ல சட்டம் போட்டு வயசுக் கணக்கை மாத்திட்டாங்க, சூப் மட்டும் தொடருது.) சின்னவங்க பெரியவங்க கால்ல விழுந்து கும்பிட்டுக் காசு வாங்குவாங்க.

ஆனா ரெண்டு நாளுக்குமே உயிர்நாடி கொழுக்கட்டையும் இல்லை சூப்பும் இல்லை. செத்துப்போன முன்னோருக்குப் படையல் போடறது. 'சார்யே'ன்னு சொல்றாங்க. விடியக்காலையில பழம், மீன், சோறு, மது எல்லாம் முறைப்படி அடுக்கி, மூத்த மகன் முன்னால நின்னு விழுந்து கும்பிடணும். சூசொக்குக்கு முன்னாடி சமாதிக்குப் போய்ப் புல்லு வெட்டிச் சுத்தம் பண்ணணும். கிறிஸ்தவங்களும் அவங்கள்ல நிறைய, அவங்க படையலுக்குப் பதிலா ஜெபம் வச்சுப்பாங்க. எப்படியோ, அந்த நாளுக்கு ஊருக்குப் போகாத மூத்த மகனுக்கு மனசு உறுத்தும்.

பஞ்சாங்கத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தா ஆச்சரியமா இருக்கு. பெரும்பாலான வருஷத்துல சூசொக் பௌர்ணமி முடிஞ்ச கையோட நமக்கு மகாளய பட்சம் ஆரம்பிக்குது. 2024-ல சூசொக் செப்டம்பர் 17, மறுநாள் மகாளயம். சொல்லால் பெரும்பாலும் நம்ம தை அமாவாசையன்னிக்கோ மறுநாளோ வருது. 2025-ல ரெண்டும் ஒரே நாள், ஜனவரி 29. அதிக மாசம் வர்ற கணக்கு மாறுபட்டா சில வருஷம் ஒரு மாசம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். ரெண்டு ஜனமும் இந்த நாள்களை நிலாவைப் பார்த்துக் குறிக்கிறவங்க, அதனால தேதி பொருந்தறதுல மர்மம் ஒண்ணும் இல்லை. இளவரசி கொண்டுபோய்க் கொடுத்தாங்கன்னு யாரும் கிளம்பிட வேணாம்! ஆனா அந்த ரெண்டு நாள்லயும் ரெண்டு பேரும் செத்த அப்பா அம்மாவை நெனைக்கிறாங்க பாருங்க, அது என்னை யோசிக்க வச்சுது.

ஃபேக்டரிக்கு இந்த ரெண்டு நாளும் லீவு கிடையாது. லைன் ஓடும். கொரிய மேனேஜரும் வேலைக்கு வந்திருப்பார், அமாவாசைக்கு அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சுட்டு அவசரமா ஷிப்ட்டுக்கு வந்த நம்ம ஆளும் பக்கத்துல நின்னுருப்பார். ஒருத்தருக்கு இன்னொருத்தர் சமாச்சாரம் தெரியாது. ஆயுத பூஜைன்னா கதை வேற. அன்னிக்கு நெத்தியில குங்குமத்தோட பூசணிக்காய் உடைக்கிற கொரிய அதிகாரியைப் பார்த்து நாம புல்லரிச்சுப் போறோம். அவங்க ஊர்லயே புதுக் கடை, புது கார்னா பன்றித் தலையை வச்சு அது வாயில நோட்டைச் செருகி 'கொசா'ன்னு ஒரு பூஜை போடற வழக்கம் உண்டு. அவங்களுக்குப் பூசணிக்காய் ஒண்ணும் புதுசா தெரிஞ்சிருக்காது, தலை மாறிப்போச்சேன்னுதான் நெனைச்சிருப்பாங்க.

எங்க தெருவுல ஒரு அக்கா பல வருஷம் கெஸ்ட் ஹவுஸ் ஒண்ணுல சமையலுக்குப் போய்க்கிட்டிருந்தாங்க. தை அமாவாசையன்னிக்கு மட்டும் லீவு கேட்டா முகம் சுளிப்பாங்களாம், ஏன்னே புரியாதாம். ஒரு வருஷம் அங்கே இருந்த பெரியவர் ஒருத்தர் விடியக்காலையில தானே எழுந்து பழத்தை நறுக்காம அப்படியே அடுக்கி, மேற்கத்திச் சுவத்தைப் பார்த்து விழுந்து கும்பிட்டாராம். "எங்க வீட்ல படைக்கிற மாதிரியே இருந்துச்சுடா, இலைதான் இல்ல"ன்னாங்க. மறு வருஷம் அக்காவே முந்தின ராத்திரி சூப்புக்கு வேண்டியதைத் தயார் பண்ணி வச்சுட்டு, காலையில வாழையிலை ஒண்ணும் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டாங்களாம். லீவு யாரும் கேட்கலை, யாரும் மறுக்கவும் இல்லை.

மொழி விஷயத்தையும் ஒரு வரி சொல்லிடறேன். அப்பா, ஒம்மா, நா, நொ... இதைக் கேட்டதும் நம்மாளுக்குச் சிலிர்க்கும். இதை முதல்ல புத்தகமா எழுதினவர் ஹோமர் ஹல்பர்ட்னு ஒரு அமெரிக்கர், 1905-லயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணம் போட்டார். இன்னிக்கு மொழியியல்காரங்க பெரும்பாலும் அதை ஏத்துக்கறதில்லை. அப்பா அம்மா மாதிரி குழந்தை உதட்டுல முதல்ல வர்ற சத்தம் உலகம் பூரா ஒண்ணுபோலத்தான் இருக்கும். ஆனாலும் வீட்டு வேலைக்கு வந்த அம்மாவும் கொரியக் குழந்தையும் பொதுவா ஒரு வார்த்தையில ஆரம்பிக்க முடிஞ்சுதே, அதுக்கு இலக்கணம் எதுக்கு?

2006-ல சென்னையில இன்கோ மையம் வந்துச்சு, கொரிய மொழி வகுப்பு, சினிமா எல்லாம் ஆரம்பமாச்சு. 2010-ல ஒரகடத்துல ரெனோ-நிசான், 2012-ல டைம்லர்னு ஜப்பான்காரங்களும் ஜெர்மன்காரங்களும் வந்தாங்க. அவங்க கதையை அந்த வீடுகளைப் பார்த்தவங்கதான் எழுதணும். 2020 ஏப்ரல்ல கொரோனா ஊரடங்கு நடுவுல சிறப்பு விமானம் வந்து நிறைய கொரியக் குடும்பங்களை ஏத்திக்கிட்டுப் போச்சு. சாமானை அப்படியே போட்டுட்டுப் போனவங்க உண்டு. திரும்பி வந்தவங்கள்ல பலபேர் ஆண்கள் மட்டும்.

வல்லம் வடகால் சிப்காட்ல 2024 ஆகஸ்ட்ல பெண் தொழிலாளர்களுக்குன்னு ஒரு விடுதி திறந்தாங்க, 18,720 பேர் தங்கறதுக்கு. நம்ம தென்மாவட்டங்கள்ல இருந்தும் வெளி மாநிலங்கள்ல இருந்தும் இந்தப் பக்கம் வேலைக்கு வர்ற புள்ளைங்க எத்தனையோ பேர். வல்லக்கோட்டையில கிருத்திகை அன்னிக்குப் பார்த்தா ஐ.டி. கார்டைக் கழுத்துல மாட்டின பொண்ணுங்க ஷிப்ட் முடிஞ்ச கையோட வரிசையில நிப்பாங்க. அருணகிரிநாதர் பாடின கோடைநகர் முருகன் அவங்களுக்கு ஊரு சாமியும் இல்லை, குலசாமியும் இல்லை. வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, கோபுரத்தைக் காட்டி, "அம்மா, தெரியுதா?"ன்னு கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க.