எம்1ஏ1 ஆப்ராம்ஸ்: போர்க்களச் செயல்பாடு

எம்1 ஆப்ராம்ஸ், அமெரிக்கத் தரைப்படையின் முதன்மைப் போர் டாங்கி. தளபதி கிரைட்டன் ஆப்ராம்ஸின் பெயரைத் தாங்கி 1980இல் படையில் சேர்ந்தது. 1985இல் வந்த எம்1ஏ1 வகையில், முந்தைய 105 மி.மீ. பீரங்கிக்குப் பதிலாக ஜெர்மானிய வடிவமைப்பிலான 120 மி.மீ. பீரங்கி பொருத்தப்பட்டது. உள்ளே நால்வர், எஞ்சின் 1,500 குதிரைத்திறன் கொண்ட டர்பைன்.

இதன் புகழ் 1991 வளைகுடாப் போரில் பிறந்தது. பிப்ரவரி 26 அன்று, ஈராக் பாலைவனத்தில் வரைபடக் கோடு ஒன்றின் பெயரால் '73 ஈஸ்டிங்' எனப்படும் இடத்தில், மணற்புயலுக்கு நடுவே, கேப்டன் எச். ஆர். மெக்மாஸ்டரின் ஒன்பது ஆப்ராம்ஸ்கள் ஈராக்கின் குடியரசுக் காவல் படையின் அணியொன்றோடு மோதின. 23 நிமிடங்களில் ஏறத்தாழ 30 ஈராக்கிய டாங்கிகள் அழிந்தன. மெக்மாஸ்டர் தரப்பில் ஒரு டாங்கியும் போகவில்லை.

இந்த வெற்றியைக் கவசத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது வழக்கம். அது பாதி உண்மைதான். ஆப்ராம்ஸிடம் வெப்பத்தைக் கொண்டு இலக்கைக் காட்டும் நோக்கி இருந்தது, ஈராக்கியரின் டி-72 டாங்கிகளில் இல்லை. யார் சுடுகிறார்கள் என்று தெரியுமுன்பே ஈராக்கியர் பலர் அடிபட்டனர். அவர்களுடைய குண்டுகளும் பழைய எஃகு வகை. டி-72இல் குண்டுகள் வீரர்களின் காலடியில் அடுக்கப்பட்டிருக்கும். ஆப்ராம்ஸில் பெரும்பாலானவை சுழல்கோபுரத்தின் பின்புறம் தனி அறையில் இருக்கும். அவை வெடித்தாலும் அறையின் மேல்தகடுகள் பிய்த்துக்கொண்டு போக, தீ வெளியே சீறும். ஆட்கள் தப்ப வழியுண்டு.

அந்தப் போர் முழுவதிலும் ஒன்பது ஆப்ராம்ஸ்கள் அழிந்தன. அவற்றில் ஏழு சொந்தத் தரப்பின் குண்டுக்கே இரையாயின. மற்ற இரண்டையும் எதிரி கைக்குப் போகாதபடி அமெரிக்கரே தகர்த்தனர்.

எரிபொருள் தாகம் இதன் நிரந்தரக் குறை. ஏறத்தாழ 1,900 லிட்டர் கொள்ளும். நின்ற இடத்திலும் டர்பைன் குடித்துக்கொண்டே இருக்கும். எரிபொருள் லாரிகள் பின்தொடராவிட்டால் முன்னேற்றம் அத்தோடு சரி.

பின்னாளில் ஈராக் ராணுவமே ஆப்ராம்ஸ்களை வைத்திருந்தது; 2014இல் அவற்றில் பல, ஐ.எஸ். அமைப்புடனான சண்டையில் சேதமுற்றன. உக்ரைனுக்கு 2023இல் 31 எம்1ஏ1கள் போயின. அங்கே கண்காணிப்பு ட்ரோன்களுக்குத் தப்பி நகர்வது அரிதானது. வெடிகுண்டு ட்ரோன்கள் கவசம் மெல்லியதான மேற்புறத்தைத் தாக்கின. பல இழப்புகளுக்குப் பின், 2024 ஏப்ரலில் அவை முன்னரங்கிலிருந்து விலக்கப்பட்டதாக அமெரிக்க அதிகாரிகள் கூறினர். அதன்பின் களத்தில் தென்பட்டவை, மேலே இரும்புக் கூண்டும் பக்கங்களில் சோவியத் பாணி வெடிகவசக் கட்டிகளுமாக வந்தன.